பொட்டலை வேண்டாம் என்றவள்

லஞ்சம் வாங்கினாளாம்! வாங்குகிறவள் வீட்டுப் பக்கத்து வேலைக்கு வாங்குவாளா, வீட்டை விட்டுத் தூரப் போவதற்கு வாங்குவாளா? இல்லையில்லை, புருஷனோடு சண்டை, அதனால்தான் பெட்டியைத் தூக்கினாள் என்பது இன்னொரு கதை. அந்தத் தெருவில் எது ஓய்ந்தாலும் வாய் ஓயாது. நடந்தது இதுதான்.

சலூன்காரரின் மனைவி சோலார் கம்பெனியில் இஞ்சினியர். தகடுகளை எங்கே நிறுத்தலாம் என்று இடம் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அந்தத் தடவை இரண்டு இடங்கள். ஒன்று, ஊரை ஒட்டிய பொட்டல்வெளி. மேடு பள்ளம் இல்லாத தரை, விலையும் மலிவு. மற்றது, ஒரு பகல் முழுக்கப் பயணம் போக வேண்டிய தூரத்தில், மூடிப்போன சுரங்கத்தின் கழிவு மண் கொட்டிக் கிடந்த மேடு. பொட்டலில் அமைந்தால் தெருவுக்கே வேலை கிடைக்கும். அவளும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு நடந்து போய் வரலாம். மகளுக்கு ஆறு வயது. அம்மா கண்ணில் படாவிட்டால் தொண்டையைத் திறந்துவிடுவாள். ஆகவே பொட்டல்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். இதை மறைப்பானேன்?

கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனபோது முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. வழக்கமாக உச்சி வெயிலில் ஜீப்பில் போய், இறங்காமலே பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அன்று காலையிலேயே நடந்து போனாள். வெறும் மண் என்று நினைத்த தரை, பாசியும் நுண்ணுயிர்களும் மண்ணைப் பிடித்துப் பின்னிய, பாலாடை மாதிரி ஒரு கருந்தோலைப் போர்த்திக் கிடந்தது. ஈரம் பட்டதும் அதில் பச்சை ஓடியிருந்தது. விரல் உயரச் செடிகளும் வண்டுகளும் பல்லிகளும் அந்தத் தோலை நம்பித்தான் பிழைத்துக் கிடந்தன. நடுவே இரண்டு கோடுகள். சாலை போட்ட காலத்தில் வழி தவறி நுழைந்த லாரியின் தடம். அவள் பள்ளிக்கூடம் போன காலத்து லாரி அது! அந்தத் தடத்தில் இன்னமும் ஒரு புல் இல்லை. காற்று அடித்தால் அங்கிருந்துதான் புழுதி கிளம்பியது. ஒரு லாரிக்கே இந்தக் கதி என்றால், மண்ணை வழித்துப் போடும் இயந்திரங்கள் வரிசையாக இறங்கினால்?

பொட்டல் வேண்டாம், சுரங்க மேடுதான் சரி என்று எழுதிக் கொடுத்தாள். அங்கே கெடுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. மின்சாரத்தைக் கொண்டுபோகப் பழைய மின்கம்பங்கள்கூட அப்படியே நின்றன.

மேலதிகாரி சிரித்தார். "அங்க யாரும்மா போய் உட்காருவாங்க? ரெண்டு வருஷ வேலை."

"நான் போறேன் சார்."

சொல்லி முடித்த பிறகுதான் மகள் ஞாபகம் வந்தது.

செய்தி அவளுக்கு முன்பே சலூனுக்குப் போய்விட்டது. மாவு மில்காரர் முகத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். "மாப்ளே, உங்க வீட்டம்மா எவ்வளவு வாங்கினாங்க? என் பையன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டாங்களே!"

"அண்ணே, கத்தி உங்க கழுத்துல இருக்கு. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்."

கடையே குலுங்கிச் சிரித்தது. மில்காரர் விடவில்லை. "அந்தப் பொட்டல்ல என்னய்யா இருக்கு? காக்காகூட உட்காராது."

"அதைக் கிளறிவிட்டா, புழுதி மொதல்ல உங்க மாவுலதாண்ணே வந்து உட்காரும்."

அன்று மாலை வீட்டில் சலூன்காரர் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "நீ சொன்ன இடத்துல உனக்குச் சந்தேகம் இருக்கா?"

"இடத்துல இல்ல. குழந்தைய நெனச்சாத்தான்..."

"அவளுக்குத் தலை சீவிவிட இந்த ஊர்ல என்னைவிட ஆள் உண்டா? சோறுதான் கொஞ்சம் தீயும். பழகிக்குவோம். லீவு விட்டா நாங்க அங்க வந்துடறோம்."

கிளம்பிய காலையில் மகள் அழவில்லை என்று சொன்னால் அது பொய். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு ஊரையே கூட்டினாள். அவள் குனிந்து அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, புருஷன் கையில் கொடுத்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். மில்காரர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, பெட்டியும் கையுமா?"

"வேலைக்குப் போறேன்க்கா" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி சொல்லிவிட்டு, படியிறங்கி, நடுத்தெருவிலேயே நடந்து போனாள்.