ஆறு கார்டும் மூன்று மூட்டை விதையும்

என் மைனிங் அறைக்குள் நான் ஒரு தம்ளர் டீயைக்கூட அனுமதித்ததில்லை. புரட்டாசிக் கடைசியில் ஒரு மழைக்காலையில், தண்ணீர் சொட்டும் சாக்கு மூட்டையைத் தோளில் சுமந்தபடி என் அண்ணன் அந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, அங்கேயே நில்லுங்க. உள்ள கரண்டு இருக்கு."

"எங்க வீட்லயும்தான் கரண்டு இருக்கு. நகருடா. இன்னும் ரெண்டு மூட்டை வண்டியில கெடக்கு."

குத்தாலத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டில், முன்பு புண்ணாக்கும் தவிடும் கிடந்த அறை அது. அதில் ஓர் இரும்புச் சட்டத்தில் ஆறு கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக மாட்டி, கிரிப்டோ நாணயம் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுப்பது என்றால் மண்வெட்டி வேலை இல்லை. கார்டுகள் ஓயாமல் கணக்குப் போடும். அதற்குக் கூலியாக இணையத்தில் எங்கோ துளித்துளியாக நாணயம் சேரும். அவை சூடாகாமலும் நின்றுபோகாமலும் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு கார்டுக்கு மின்சாரத்தைக் கொஞ்சம் குறைப்பேன். மெமரி வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். பிறகு நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்ப்பேன். ஐம்பது வயதில் ஒருவன் நிம்மதியைத் தொலைக்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் கொண்டுவந்தது மூன்று ஏக்கர் தாளடிப் போகத்துக்கான விதைநெல். முதல் நாள் ஊறவைத்து வடித்தாகிவிட்டது. ஈரச் சாக்கில் கட்டி வைக்கோலுக்குள் புதைத்தால் அந்தக் கதகதப்பில் ஒரே நாளில் முளை வெடிக்கும். ஆனால் மூன்று நாள் மழையில் வைக்கோல் போர் அடிவரை நனைந்துவிட்டது; நெல் குளிரில் விறைத்துக் கிடந்தது. நாற்றங்கால் உழுது சமப்படுத்தித் தயாராக இருந்தது. மறுநாள் காலை தெளித்தே ஆக வேண்டும். தள்ளிப்போனால் நடவு தள்ளும். தையில் மேட்டூர் அணையை அடைக்கும்போது பயிர் தண்ணீருக்கு ஏங்கி நிற்கும். மாற்று விதையும் கிடையாது. அண்ணன் தன் வயலிலேயே பார்த்துப் பார்த்து ஒதுக்கிய நெல் அது.

"ஊர்லயே ஒன் ரூம்புதான்டா அடுப்படி மாதிரி இருக்கு. நாளைக் காலைல வரைக்கும் வெச்சுக்க. சூடு ஒரே மாதிரி இருக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"அண்ணே, முப்பத்திமூணு டிகிரின்னா முப்பத்திமூணு டிகிரி. ஒரு புள்ளி மாறாது."

யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன வாக்கியம் இது. என் வாழ்க்கையில் வந்த தொல்லைகளில் முக்கால்வாசி இப்படி யாரும் கேட்காத வாக்கியங்களில் இருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

"புள்ளியெல்லாம் வேணாம். அப்பப்ப கைய விட்டுப் பாரு, போதும்" என்று சொல்லிவிட்டு, மூட்டைகளைத் தரதரவென்று இழுத்து, கார்டுகளின் வெப்பக் காற்று போய் விழும் பக்கம் பலகை மேல் அடுக்கினார். வாளித் தண்ணீரை அள்ளிச் சாக்கு மேல் தெளித்தார். ஒவ்வொரு தெளிப்புக்கும் நான் கார்டுகளுக்கு முன்னால் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். சுவரில் மாட்டியிருந்த அறை வெப்பமானி முப்பத்திமூன்று காட்டியது. பெருமையாக இருந்தது. பெருமை ஒரு மணி நேரம் நீடித்தது.

பத்து மணிக்கு நான்காவது கார்டு காணாமல் போனது. காணாமல் என்றால் திருட்டு இல்லை, சட்டத்தில்தான் தொங்குகிறது. திரையில் மட்டும் ஐந்து கார்டுதான் இருப்பதாக வந்தது. அடுத்த நிமிடம் முழு இயந்திரமும் உறைந்தது. ஒரு கார்டு விழுந்தால் மற்ற ஐந்தும் சேர்ந்து துக்கம் அனுசரிக்கும். கார்டு நின்றால் சூடு நிற்கும். முப்பத்திமூன்று முப்பத்திரண்டு ஆனது. முப்பத்தொன்று ஆனது.

மற்ற நாளாக இருந்தால் போனால் போகிறது என்று சாப்பிடப் போயிருப்பேன். அன்று எனக்குப் பின்னால் மூன்று ஏக்கர் உட்கார்ந்திருந்தது.

திரும்பப் போட்டேன். இருபது நிமிடம் ஓடி நின்றது. முந்தின நாள் ஆசைப்பட்டு நான்காவது கார்டின் மெமரி வேகத்தைக் கூட்டியிருந்தேன்; அதுதான் காரணம் என்று குறைத்தேன். பதினைந்து நிமிடம் ஓடி நின்றது. மின்சாரத்தைக் கூட்டினேன். பன்னிரண்டு நிமிடம். கார்டையும் போர்டையும் இணைக்கும் கேபிளை மாற்றினேன். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன். பயந்துபோய், சுவரில் சூட்டை வெளியே தள்ளும் விசிறி உட்பட எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் விட்டேன். மற்ற ஐந்து கார்டும் ஜில்லென்று ஓடின, அறையும் ஜில்லென்று ஆனது. கார்டுக்கு நல்லது நெல்லுக்குக் கெட்டது என்பது அப்போதுதான் உறைத்து, விசிறிகளைக் குறைத்தேன். நடுநடுவே சாக்குக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருக்கும். அதற்கு மேல் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடங்களாக அந்தக் கைக்கு மவுஸைத் தவிர எந்தப் படிப்பையும் நான் கொடுக்கவில்லை.

கார்டுகளை எனக்கு விற்ற கும்பகோணத்துக் கம்ப்யூட்டர் கடை பாய்க்குப் போன் போட்டேன். வளைகுடாவில் பல வருடம் இதே வேலை பார்த்தவர், எதற்கும் பதறாதவர். அந்தக் குணத்துக்காகவே அவரைக் கூப்பிடுவேன்; அதற்காகவே அவர் மேல் எரிச்சலும் படுவேன்.

"சொல்லுங்க சார். இன்னிக்கு எத எரிச்சீங்க?"

"நாலாவது விழுந்துகிட்டே இருக்கு பாய். எல்லா நம்பரையும் மாத்திப் பாத்துட்டேன்."

"ரூம்ல புதுசா ஏதாச்சும் வெச்சீங்களா?"

"வெத நெல்லு மூணு மூட்டை."



"காஞ்ச நெல்லுதானே?"

"ஊறவெச்சது. அண்ணன் தண்ணி வேற தெளிச்சிட்டுப் போயிருக்காங்க."

"சார், மேல இட்லித் தட்டையும் வெச்சிருங்க, சாயங்காலத்துக்கு ஆகும்." சிரித்து முடித்துவிட்டு, "நம்பர விடுங்க. கரண்ட நிறுத்திட்டு, கார்டைக் கழட்டிக் கண்ணால பாருங்க" என்றார்.

நல்ல யோசனை. ஆனால் கழற்றுவதென்றால் அரை மணி நேரம் எல்லாம் நிற்க வேண்டும். நெல் குளிர்ந்துவிடுமே. அரை மணியை மிச்சம் பிடிக்க மூன்று மணி வரை நம்பர்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். உட்காருவேன், எழுவேன், கதவு வரை நடப்பேன், கதவைத் திறந்தால் சூடு போகுமே என்று திரும்பி வருவேன்.

சாப்பாட்டுத் தட்டோடு மனைவி வந்தாள்.

"ஏங்க, கூண்டுல புலி மாதிரி சுத்தாதீங்க. நீங்க சுத்துற சூட்டுலயே நெல்லு முளைச்சிரும்."

"நாலாவது கார்டு செத்துப்போச்சு."

அவள் தட்டை என் கையில் திணித்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் கார்டுகளைக் குனிந்து பார்த்தாள். "இதுல மூணு ஃபேன் இருக்கு. ரெண்டுதான் சுத்துது. இந்த மூணாவதுல ஏதோ நூல் மாதிரி சுத்திக்கிட்டிருக்கே?"

சாக்கு நார். அண்ணன் மூட்டைகளைத் தரதரவென்று இழுத்தபோது பறந்தது, விசிறியின் அச்சில் சுற்றி இறுக்கியிருந்தது. என் திரை முதல் விசிறியின் வேகத்தை மட்டுமே காட்டும். அது ஒழுங்காகச் சுற்றியதால் எல்லாம் நலம் என்று ஐந்து மணி நேரம் நம்பியிருந்தேன். மூன்றாவது நின்றதும் கார்டின் அந்தப் பக்கம் கொதித்து, கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது. மனைவி சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, கரண்டை நிறுத்தச் சொல்லி, நாரை நெம்பி எடுத்தாள்.

"இதுக்கா காலைலேர்ந்து?"

பதில் சொல்ல முடியாதபடி வாயில் சோறு இருந்தது. கடவுள் சில நேரம் என் பக்கம் இருக்கிறார்.

ஆறு கார்டும் ஓடின. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்குப் பார்த்தேன்: நெல்லுக்கு ஐந்து மணி நேரச் சூடு பாக்கி. அதை ஈடுகட்ட வேண்டாமா? மாதக்கணக்காகக் கார்டுகளைக் குளிர்ச்சியாக ஓட்டப் படித்த வித்தையெல்லாம் அன்று தலைகீழாகச் செய்தேன். குறைத்து வைத்த மின்சாரத்தை எல்லாவற்றுக்கும் உச்சத்துக்கு ஏற்றினேன். ஜன்னல் இடுக்கில் பழைய போர்வையைத் திணித்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

மாலை ஐந்தரைக்கு விழித்துக் கதவைத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. ஊறிய நெல்லின் இனிப்பு வாசனை. அதற்கு அடியில், லேசாக, சோறு வாசனை.

சுவரிலிருந்த வெப்பமானி நாற்பதைத் தொட்டிருந்தது. சாக்குக்குள் எவ்வளவு? ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துவந்து கார்டுக்கு நெருக்கமாக இருந்த மூட்டைக்குள் செருகினேன். நூற்றாறு. இந்தக் காய்ச்சலில் மனிதனாக இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்போம். நெல் எத்தனை வரை தாங்கும்? எனக்குத் தெரியாது. முளைத்ததா, வெந்ததா? அதுவும் தெரியாது. கார்டு எத்தனை டிகிரியில் சாகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மூன்று தலைமுறையாக எங்களுக்குச் சோறு போடும் பொருளைப் பற்றி என்னிடம் ஒரு நம்பர்கூட இல்லை.

அண்ணனிடம் சொல்லாமல் சமாளிக்க முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையில் மூன்று நிமிடம். மனைவி போனை எடுத்து நீட்டினாள்.

அண்ணன் நாற்றங்காலில் மழைத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். நான் முழுதும் சொல்லி முடிக்கவில்லை.

"மிஷின நிறுத்து. மூட்டைய அவுத்துக் கூடத்துல கொட்டு. மெல்லிசாப் பரத்து. ஃபேனப் போடு. பேசாத, கொட்டு!"

கொட்டினோம். கூடம் முழுக்க நெல். இரண்டு மூட்டைகளில் வெள்ளையாக, கொசுக்காலளவு முளைகள் எட்டிப் பார்த்தன. மூன்றாவதில் ஓரத்து நெல் முளைத்திருந்தது. நடுவில் இருந்தது பழுப்பேறிப் பிசுபிசுத்தது. மனைவி அதைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டு, அந்தக் குவியலை மற்ற இரண்டிலிருந்தும் தள்ளி ஒதுக்கினாள்.

அண்ணன் சேற்றுக் காலோடு வந்தார். மூன்றாவது குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் விரித்து, விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தேன்.

"இது உசுரோட இருக்கா இல்லையான்னு இப்பச் சொல்ல முடியாது. தனியாத் தெளிச்சுப் பாப்போம்."

"ஒரு புள்ளி மாறாதுன்னு சொன்னேன்ல..."

"ஆமா. ஒரு புள்ளி மாறல, ஏழெட்டுப் புள்ளி மாறுச்சு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை தூறலில் தெளித்தோம். இரண்டு மூட்டை நாற்றங்காலின் பெரும்பகுதிக்கு; மூன்றாவது மட்டும் வாய்க்கால் பக்கத்து மூலையில், தனி வரப்புக்குள். முடித்துக் கைகழுவியதும் அண்ணன் ஒரு பழைய தகரத்தையும் குச்சியையும் என்னிடம் நீட்டினார்.

"இந்த மூலைக்கு நீதான் காவல். மைனாவும் புறாவும் வரும். பறவ தின்னதாலதான் போச்சுன்னு பின்னால நீ சொல்லக் கூடாது பாரு."

தப்பிக்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டார்.

நான்கு நாள் நின்றேன். கார்டுகளை அணைத்தே வைத்திருந்தேன். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் பயப்பட என் உடம்பில் தெம்பு இல்லை. தகரத்தைத் தட்டுவேன், வரப்பில் நடப்பேன், குனிந்து பார்ப்பேன், திரும்ப நடப்பேன். அந்தப் பக்கம் இரண்டாம் நாளே பச்சை கட்டத் தொடங்கியது. என் மூலையில் சேறு சேறாகவே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அங்கங்கே ஊசி ஊசியாகப் பச்சை தெரிந்தது. எண்ணினேன், பாதியில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அண்ணன் வந்து வரப்பில் குந்தினார்.

"பாதி பொழச்சிருக்கு. அரை ஏக்கருக்குப் போதும். மிச்ச அரை ஏக்கருக்கு அந்தப் பக்கத்து நாத்த எடுத்து எட்ட எட்ட நட்டுரலாம்."

மூச்சு வந்தது. மூன்று ஏக்கரும் நடவு ஆகிவிடும். தகரத்தைக் கீழே வைத்தேன்.

"ஆனா எட்ட எட்ட ஏன் நடணும்னு நடவு ஆளுங்க கேப்பாங்க. அத நீயே வந்து சொல்லிரு" என்றார் எழுந்துகொண்டே.

எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் பதினைந்து பெண்களையும், குனிந்த தலை நிமிராமலே அவர்கள் ஓர் ஆளை உரித்து உப்புக்கண்டம் போடும் அழகையும் நினைத்துப் பார்த்தேன். நடவுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. வரப்பிலேயே நின்றபடி ஒரு பொய்யை ஜோடிக்கத் தொடங்கினேன். அது தேறவில்லை. இன்னொன்றை எடுத்தேன்.