கார்முகிக்குக் கண் திறந்த நாள்

போன் வந்தது

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் ஃப்ளெக்ஸ் கடை முதலாளி ராபர்ட்.

"ஆயா, இன்னா பண்ணி வச்சிருக்க? பேனர்ல இருக்கிற பொம்பளைக்குக் கண்ணே இல்ல! வெள்ளையா முழிச்சிக்கினு நிக்கிறா. மண்டபத்துல பசங்க என்னைய கிழிக்கிறானுங்க!"

"கண்ணு எப்படி இருக்கும்? நான் இன்னும் வந்து தொறக்கலியேப்பா!"

"தொறக்கறதா? அது இன்னா தொறக்கறது?"

புளிக் கையைக் கழுவினேன். குழம்பு கிடக்கட்டும், முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பேர் அஞ்சலை. ஊர் ஏம்பலம். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. இதையும் நான் வாயால் சொல்ல, கடையில் டிசைன் போடும் ஸ்டெல்லா எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். அதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள்.

பேனா கைக்கு வந்தது

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் ஐயனார் கோயில் மண் குதிரைகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவள் நான். முட்டி மடங்க மாட்டேன் என்றதும், நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை தேடி திருபுவனைக்கு வந்தேன். ராபர்ட் கடையில் ஐலெட் அடிக்கும் வேலை கிடைத்தது. பேனர் ஓரத்தில் ஓட்டை போட்டு, கயிறு கட்ட வளையம் வைத்து, சுத்தியலால் அடிப்பது. டங் டங் என்று சாயங்காலம் வரை காதுக்குள் கேட்கும்.

ஒருநாள் ஸ்டெல்லா சாப்பிடப் போனபோது அவள் டேப்லெட்டில் பேனாவை வைத்து ஒரு குதிரை போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தவள் திட்டவில்லை. "ஆயா, இன்னொண்ணு போடு" என்றாள். அண்டூ என்று ஒரு பொத்தான் காட்டினாள். தப்பாக இழுத்த கோடு தானாகவே போய்விடுகிறது! களிமண்ணுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. லேயர், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாகப் படத்தை அடுக்குவது, எனக்கு உடனே புரிந்தது. குதிரைக்கும் முதலில் உடம்பு வர்ணம், அது காய்ந்த பிறகு சேணம், அதன்மேல் மணி. அதேதான்.

அந்தச் சமயத்தில்தான் சதீஷ் கடைக்கு வந்தான். திருபுவனை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி வேலை. ஷிப்டு முடிந்ததும் டீக்கடையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சீட்டாடுவான். காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. ராட்சசன், மந்திரவாதி, ராணி என்று படம் போட்ட சீட்டு. ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். இறக்கை வைத்த குதிரை மேல் கேடயத்தோடு ஒரு பெண்.

"ஆயா, இவ பேரு கார்முகி. எங்க டீமுக்கே இவதான் உசுரு. ஞாயித்துக்கெழம திருவாண்டார்கோயில் மண்டபத்துல போட்டி. மேடைக்குப் பெரிய பேனர் வேணும். கம்பெனிக்காரன் போட்டத காப்பி அடிக்கக் கூடாது. நம்ம ஆசைக்கு நாமளே வரையணும், ஃபேன் ஆர்ட்டு."

"இவ சக்தி இன்னா?"

"பக்கத்துல இருக்கிற சீட்டு மேல விழற அடிய எல்லாம் இவ வாங்கிப்பா."

"இவ்ளோ அடி வாங்கறவளுக்கு இடுப்பு இன்னாடா இப்படி ஒடியற மாரி இருக்குது? சோறு போட மாட்டீங்களா?"

சதீஷ் விழுந்து விழுந்து சிரித்தான். ராபர்ட் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா பேனா ஒனக்குத்தான் ஆயா. சொதப்பினா திரும்ப ஐலெட்டு" என்றான்.

போட்டேன் பாருங்கள் ஒரு கார்முகி! மழை மேகத்து நிறம். அகலமான தோள். நடவுக்கு இறங்குகிறவள் மாதிரி சேலையை ஏற்றிச் சொருகிய இடுப்பு. குதிரைக்கு இறக்கையும் உண்டு, எங்கள் ஐயனார் குதிரையின் பல்லும் கழுத்து மணியும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது, கருவிழி தவிர.

மூன்று கருவிழி

எங்கள் கொட்டகை வழக்கம் இது. கொட்டகையில் வைத்துக் கண் திறக்க மாட்டோம். குதிரையைக் கொண்டுபோய் அதன் இடத்தில் நிறுத்திய பிறகு, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கருவிழி வைப்போம். எதிரில் ஆள் நிற்கக் கூடாது. ராபர்ட்டிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்: "கண்ணு மட்டும் காலையில மண்டபத்துக்கு வந்து தொறந்துடறேன்." அவன் யாரோடோ போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினான். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். பிரிண்ட் ஆன ஃப்ளெக்ஸில் டேப்லெட் பேனா வேலை செய்யாது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. குதிரையை நிறுத்திவிட்டுத்தானே திறப்போம், இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் போனை வைத்த பிறகு, ராபர்ட் பைக்கில் வந்து என்னை அள்ளிக்கொண்டு கடைக்குப் போனான். "முழுசா திரும்ப அடிச்சி மாட்டறதுக்குள்ள போட்டியே முடிஞ்சிடும்" என்று தலையில் கை வைத்தான்.

"ஸ்டிக்கர் அடிக்கிறியே, வினைலு, அதுல கருவிழி மட்டும் அடிச்சா ஒட்டாதா?"

ராபர்ட் தலையிலிருந்து கையை எடுத்தான்.

டேப்லெட்டில் படத்தை இடம் வலமாகத் திருப்பும் பொத்தான் ஒன்று உண்டு. கண்ணாடியில் பார்ப்பது போலவே இருக்கும். அதை அழுத்தி, அப்படிப் பார்த்தபடியே மூன்று கருவிழி போட்டேன். கார்முகிக்கு இரண்டு. குதிரை பக்கவாட்டில் நிற்பதால் அதற்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நொய்யரிசி போல ஒரு வெள்ளைப் புள்ளி. படத்தை நேராகத் திருப்பி, ஸ்டிக்கர் அடித்து, வெட்டி எடுத்துக்கொண்டு பறந்தோம்.

மண்டபத்தில் சதீஷ் அழாத குறை. "எங்க கார்முகிய இப்படிக் குருடாக்கிட்டியே ஆயா! எதிர் டீம்காரன் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறான்!"

"வைக்கட்டும். இன்னும் செத்த நேரத்துல அழிப்பான். நீ மேசையப் புடி."

இரண்டு மேசை போட்டு ஏறினேன். முட்டி கத்தியது, நானும் கத்தினேன். ராபர்ட் பைக்கின் சைடு கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து எதிரே பிடித்தான். திரும்பிப் பார்த்தால், பேனருக்கு நேர் எதிரில் எதிர் டீம் உட்கார்ந்திருக்கிறது.

"எழுந்து அந்தாண்ட போங்கப்பா. எதிர்ல இருக்கக் கூடாது."

"நாங்க எதுக்கு எழுந்துக்கணும்?" என்றான் அவர்கள் கேப்டன்.

"இருந்தா இரு. மொதப் பார்வ ஒம்மேல வுழும். அப்புறம் தோத்துட்டேன்னு எங்கிட்ட வராத."

நாற்காலியை அவனேதான் முதலில் தூக்கினான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

குதிரைக்கு ஒட்டினேன். கார்முகியின் வலது கண். பிறகு இடது கண். கண்ணாடிக்குள் அவள் என்னைப் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். மண்டபத்தில் எழுந்த விசில் சத்தத்தில் கண்ணாடி பிடித்திருந்த ராபர்ட்டே ஆடிப்போனான். சதீஷ் கன்னத்தில் போட்டுக்கொண்டான், சீட்டு ராணிக்கு!

மேசையிலிருந்து இறங்கினால், எதிர் டீம் கேப்டன் எதிரே நிற்கிறான். "ஆயா, எங்க மந்திரவாதிக்கும் ஒரு படம் போட்டுக் குடு. கண்ணு தொறக்கறப்ப இவனுங்கள எதிர்ல ஒக்கார வை."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

வேலையில் மிச்சம் வைத்தால் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தலையாட்டலை நம்பவே நம்பாதீர்கள். இப்போதெல்லாம் இன்னும் முடிக்காத படத்தின் நட்ட நடுவில், தனி லேயரில், பெரிய சிவப்புப் பொட்டு வைக்கிறேன். பொட்டு இருந்தால் பிரிண்ட் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கும் புரியும், போன் பேசிக்கொண்டே வேலை பார்க்கும் ராபர்ட்டுக்கும் புரியும்.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது என் நாற்காலி ஸ்டெல்லா பக்கத்தில் போட்டிருந்தது. டேப்லெட் மேல் பேனா. மூலையில் டங் டங் என்று சத்தம். ராபர்ட்!

"இன்னா ஆயா பாக்கற? ஐலெட்ட நான் அடிச்சிக்கிறேன். அந்த மந்திரவாதிக்கு நல்லா சோறு போட்டு வரை."