கிள்ளான்ல அண்ணே, சுபாங்ல தாத்தா

போன செவ்வாக்கெழம, அர மணி நேரத்துல எனக்கு முப்பது வயசு ஏறிருச்சு. சத்தியமா லா. சீக்கு இல்ல, கவல இல்ல... எல்லாம் இந்த வாய் பண்ண வேல.

என் காரு வொர்க்‌ஷாப்ல கெடக்கு. கிள்ளான்ல இருந்து பிரிக்பீல்ட்ஸ் போகணும். கூட்டாளி ஒருத்தன் வாழ இல சாப்பாடு வாங்கித் தரேன்னுட்டான். ஓசி சோறுன்னா நான் நடந்தே போற ஆளு, முட்டி தான் ஒத்துக்காது. ஆப்ல கார் கூப்பிட்டேன்.

வெள்ள மைவி கார் வந்து நின்னுச்சு. ஸ்டீரிங்ல ஒரு அம்மா. பேரு சுமதின்னு ஆப் காட்டுச்சு. நாப்பது வயசு இருக்கும்.

"வணக்கம் அண்ணே. பிரிக்பீல்ட்ஸ் தானே?"

அண்ணே! எனக்கு அம்பத்தாறு ஆச்சுங்க. மனசு குளுந்துருச்சு. அதோட கம்முன்னு ஒக்காந்திருக்கலாம்ல? ம்ஹூம். ஃபார்ம் த்ரீயோட ஸ்கூல விட்டு ஓடுனவன் நான். மண்டையில படிப்பு ஏறல, வாய் மட்டும் டிகிரி முடிச்சிருச்சு.

"என்னம்மா, லேடி டிரைவரா? அப்ப நான் தேங்கா ஒடைச்சிட்டுல்ல ஏறணும்!"

சொல்லிட்டு நானே சிரிச்சேன். பெரிய ஜோக்குன்னு நெனப்பு. அந்தம்மா கண்ணாடியில என்ன ஒரு பார்வ பாத்தாங்க.

"பெல்ட் போட்டுக்குங்க அங்கிள்."

அங்கிளா? இப்ப தானே அண்ணேன்னாங்க? சரி, வாய் தவறி வந்திருக்கும்னு விட்டுட்டேன்.

பெடரல் ஹைவேல ஏறினோம். பத்து நிமிஷம் பேசாம வந்தா எனக்கு நாக்கு அரிக்கும்.

"உன் வீட்டுக்காரர் என்னா பண்றாரு? பொண்டாட்டிய ரோட்டுக்கு அனுப்பிட்டு வீட்டுல டிவி பாக்குறாரா?"

"ஏர்கான் ரொம்ப குளுருதா பெரியப்பா? கொறைக்கவா?"

பெரியப்பா! இன்னும் ஷா ஆலாமே தாண்டல...

லேசா வேர்த்துச்சு, அந்த ஏர்கான்லயும். ஆனா புத்தி வந்துச்சா? சுபாங் கிட்ட ஒரே ஜாம். பக்கத்துல ஒரு லோரிக்காரன் ஹாரன் அடிச்சான். எங்க காருக்கு இல்ல, குறுக்க பூந்த மோட்டார் சைக்கிளுக்கு. இருந்தாலும் விடுவேனா?

"பாத்தியா? கரண்டி புடிக்கிற கையில ஸ்டீரிங் குடுத்தா ரோடே நின்னு போச்சு—"

"தாத்தா, தண்ணி வேணுமா? இடுப்பு வலிச்சா சொல்லுங்க, பெட்ரோல் ஊத்துற மின்யாக் ஸ்டேசன்ல ஓரங்கட்டுறேன். இந்த வயசுல ஜாம்ல ஒக்காறது கஷ்டம்ல?"

தாத்தா!! என் மகளுக்கே இன்னும் கல்யாணம் ஆகல. யாரு பேரன், எங்க பேரன்?

கேட்டே புட்டேன். "ஏம்மா, ஏறுறப்ப அண்ணேன்னே. சுபாங் வர்றதுக்குள்ள தாத்தாவாயிட்டேன். இது என்னா, மீட்டரா?"

"மீட்டரு தான் தாத்தா. ஏறுறப்ப எல்லாரும் அண்ணே தான். அப்புறம் அவங்கவங்க வாயப் பொறுத்து ஓடும்."

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அவங்க சிரிக்கல.

"மொதல்ல நானும் சூடா திருப்பிக் குடுக்குற ஆளு தான். ஒரு நாளு ஒருத்தன் ஏறினான். நீங்க பேசுனதெல்லாம் ஒன்னுமே இல்ல, அவ்வளவு அசிங்கம். நேரா போலீஸ் பாலாய் வாசல்ல கார நிறுத்தி, எறங்குடான்னேன். எறங்குனான். எறங்கி ஆப்ல ரிப்போர்ட் அடிச்சுட்டான், டிரைவர் ஏசிட்டாங்கன்னு. விசாரிக்கணும்னு சொல்லி என் அக்கவுன்ட்ட ஒரு வாரம் லாக் பண்ணிட்டாங்க. அவன் அடுத்த நிமிஷமே வேற கார் புடிச்சிருப்பான். நான் ஒரு வாரம் வீட்டுல. இன்னொரு ரிப்போர்ட் வந்தா ஒரேடியா மூடிருவாங்க."

கையில இருந்த போன நான் மடியில கவுத்து வச்சேன். ஏன்னு தெரியல.

"சில டிரைவருங்க ரேடியோவ சத்தமா வைப்பாங்க. எங்க குரூப்புல ஒரு அண்ணன் காது கேக்காத மாதிரியே ஓட்டுவாரு. எனக்கு நடிக்க வராது. அதான் வயச ஏத்துறேன். டிரைவர் என்னைய மரியாதையா தாத்தான்னு கூப்பிட்டாங்கன்னு யாராச்சும் ரிப்போர்ட் அடிக்க முடியுமா, சொல்லுங்க?"

யோசிச்சுப் பாத்தேன். எப்படி அடிக்கிறது? 'மரியாத ஜாஸ்தி'ன்னு ஆப்ல ஒரு பட்டனும் இல்லையே!

"அப்புறம், என் வீட்டுக்காரர கேட்டீங்கல்ல? அவரும் இதே வேல தான். அவருக்கு ஓட்டக் கத்துக் குடுத்ததே நான். ஒன் பொண்டாட்டி என்னா பண்றான்னு அவர இது வரைக்கும் ஒரு ஆளு கூட கேட்டதில்லையாம்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். வெளிய பாக்க ஒன்னும் இல்ல. இருந்தாலும் பாத்தேன்.

"ஆமா, ஒங்க காரு எங்க?"

"வொர்க்‌ஷாப்ல."

"என்னாச்சு?"

"தூண்ல இடிச்சிருச்சு."

"ஒங்க வீட்டம்மா ஓட்டுனாங்களோ?"

"...நான் தான். ரிவர்ஸ்ல. தூணு சும்மா தான் நின்னுச்சு."

அப்ப தான் அந்தம்மா சிரிச்சாங்க. ஸ்டீரிங்கத் தட்டித் தட்டி சிரிச்சாங்க. முழு ட்ரிப்லயும் நான் சொன்ன ஒரே நல்ல ஜோக்கு அது தான் போல.

நம்ம ஆளுங்க கிட்ட ஒரு வார்த்த ரெடியா இருக்கும் — "சும்மா தமாசுக்கு லா!" தமாசுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும்ல? நான் மட்டும் சிரிச்சேன், அவங்க ரோட்டப் பாத்தாங்க. அது எந்த ஊரு தமாசு? சீட்டுக்குத் தான் காசு கட்டுறோம். பேசுற பேச்சப் பாத்தா டிரைவரோட காதையும் சேத்து வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்கு.

பங்சார் தாண்டுறப்ப தொண்டையக் கனைச்சேன். எனக்கு மன்னிப்பு கேட்டுப் பழக்கம் இல்ல. வீட்டுல கேட்டா மானம் போயிரும்னு இருவத்தெட்டு வருஷமா தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

"தங்கச்சி... நான் பேசுனது தப்பு. தேங்கா, டிவி, கரண்டி, மூணும் தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

அவங்க சிக்னல் போட்டு லெப்ட் எடுத்தாங்க. சேலக் கடை, பூக் கடைன்னு ஒவ்வொன்னா தாண்டிப் போச்சு. சாப்பாட்டுக் கடை வாசல்ல கார் நின்னுச்சு. கூட்டாளி உள்ள இருந்து கை காட்டுறான். எனக்கு எறங்க மனசு வரல. மீட்டரு ரிசல்ட் இன்னும் தெரியலையே!

அவங்க கண்ணு முன்னாலயே அஞ்சு ஸ்டார அமுக்குனேன். எறங்கி கதவப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

"கதவ மெதுவா சாத்துங்க..."

பேச்ச நிறுத்திட்டாங்க. பின்னால ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான்.

"...அங்கிள்."

அண்ணே வரைக்கும் போகல தான். பரவால்ல, ஒரு மன்னிப்புக்கு இவ்வளவு கொறஞ்சதே பெரிசு.

ஆம்பளைங்களே, யாராச்சும் திடீர்னு ஒங்கள தாத்தான்னு கூப்பிட்டா ஓடிப் போய் கண்ணாடியப் பாக்காதீங்க — கடைசியா என்னா பேசுனோம்னு யோசிச்சுப் பாருங்க.