வாசலில் நான் கட்டிய அணை

எனக்கு வாய் ஜாஸ்தி. செம்பூரில் எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் நான் எழுந்தாலே செக்ரெட்டரி ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த மே மாசம் பேச்சு மழைத்தண்ணீரைப் பற்றி. கேட்டுக்கு வெளியே ஓடுகிற நாலா, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், முனிசிபாலிட்டியுடையது. கேட்டுக்கு உள்ளே இருக்கிற கட்டர், அந்தச் சின்னச் சாக்கடை, நம்முடையது, அதற்கு நாம்தான் காசு போட வேண்டும். மொட்டைமாடி மழைத்தண்ணீர், வீட்டு பாத்ரூம் தண்ணீர் எல்லாம் அந்த ஒற்றைக் கட்டரில்தான் போகும். பெரிய குழாயாகப் போட்டு, தண்ணீர் திரும்பி வராமல் ஒரு மூடியும் வைக்கலாம், எல்லா வீடும் சமமாகப் பங்கு போடலாம் என்றார் செக்ரெட்டரி. மேல்மாடிக்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள். நான் விடுவேனா?

“மொட்டைமாடித் தண்ணிக்கு அதுக்கு அடுத்தாப்ல இருக்க மேல்மாடிக்காரவுக குடுக்கட்டும். நான் கீழ்வீடு, எனக்கு மேல மூணு வீடு இருக்கு. அவங்கவங்க வாசலை அவங்கவங்க பாத்துக்கிடட்டும்!”

என்ன ஒரு லாஜிக்! எனக்கே கைதட்டத் தோன்றியது. அந்த அம்மா குடுக்காட்டா நாங்களும் குடுக்கல என்று வேறு சிலரும் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? தாராவியிலிருந்து நம்ம ஊர்ப்பக்கத்துக் கொத்தனாரைக் கூட்டிவந்து வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினேன். “இவ்வளவு உசரம் எதுக்குக்கா?” என்றார். “சிமென்டைக் கூடப் போடும், பேச்சைக் குறையும்” என்றேன்.

என் வீட்டுக்காரர் ஒர்க் ஷாப்பில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். மாடி ஏற முடியாது என்றுதான் கீழ்வீடாகப் பார்த்து வந்தோம். சாயங்காலமானால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, யார் கையும் படாமல், தனியாகக் கேட்டுவரைக்கும் போய் அரை கிளாஸ் டீ, அந்தக் கட்டிங் சாய், குடித்துவிட்டு வருவார். தானும் ஒரு ஆள்தான் என்று அவருக்கு இருந்த ஒரே தெம்பு அதுதான்.

“உங்க கால்ல இனி ஒரு சொட்டு படாது” என்று சுவரைக் காட்டிப் பீற்றினேன். அவர் வாக்கரோடு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். “மழைக்காலம் போவட்டும், பொறவு பாப்போம்” என்று திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அதுவும் நல்லதுதான், ஈரத்தில் வழுக்காமல் இருப்பார் என்று எனக்குச் சந்தோஷம். என் மூளையை மியூசியத்தில்தான் வைக்க வேண்டும்.

ஜூலையில் ஒரு நாள் காலையிலிருந்தே கொட்டு கொட்டென்று கொட்டியது. காம்பவுண்டில் ஏறிய தண்ணீர் என் சுவரில் பாதியோடு நின்றது. மாடிப்படியில் நின்ற பக்கத்து மாமியிடம், “பாத்தீங்களா, ஒரு சொட்டு உள்ள வரல!” என்று அளந்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

“ஏளா, செருப்பு மிதக்கு.”

பாத்ரூம் குழி வழியாகக் கட்டர்த் தண்ணீர் குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருந்தது. பழைய பாவாடையைத் திணித்தேன். அது குழிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டதே ஒழிய தண்ணீர் நின்றபாடில்லை. மழை விட்டு, காம்பவுண்டுகூட வடிந்துவிட்டது. என் வீடு வடியவில்லை. எப்படி வடியும்? குழியில் பாவாடை, வாசலில் அணை! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு ஆள் வேண்டுமென்றால் செம்பூருக்கு வாருங்கள்.

மீட்டிங்கில் நான் கிழித்த அதே மேல்மாடிக்காரர்கள்தான் அவரை நாற்காலியோடு தூக்கிச் சுவரைத் தாண்டி மாடிக்குக் கொண்டுபோனார்கள். நான் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், சுவர் அசையவில்லை. கடைசியில் செக்ரெட்டரியே கடப்பாரையோடு வந்து உடைத்தார். “குழாய்க்கு என் பங்கை வாங்கிக்கிடுங்க” என்றேன். வாழ்க்கையில் நான் மெதுவாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

சாயங்காலம் அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். நான் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாக்கர் வாசலைத் தாண்டிவிட்டது.

“எங்க போறீக?”

“சும்மா, வெளிய.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “சுவர் மறிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“நீ அவ்வளவு சந்தோசமாக் கட்டின. எப்படிளா சொல்ல?” என்றார், திரும்பாமலே.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.