சாமி படம் கட்டிய டிராக்டர்

திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே எங்கள் மேய்ச்சல் நிலத்தில் இடுப்புயரப் புல்லை வெட்டும்போதெல்லாம் டிராக்டர் கொதித்தது. சர்வீஸ் செய்த மெக்கானிக் நல்ல ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டார் என்றே நம்பினேன். இன்றைக்கு என்னிடம் சிக்குவான் என்று கறுவிக்கொண்டு அவரை வரவழைத்து, அவருக்குத் தெரியாமல் செல்போனில் வீடியோ எடுத்தேன்.

வண்டியின் முன்னால் குனிந்து பார்த்தவர், சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

“அண்ணே, ஆயுதபூசைக்கு நீங்க கட்டுன சாமி பிளெக்ஸு ரேடியேட்டருக்குக் காத்தே விடல. மிச்ச இடத்துல புல்லுத்தூசி அப்பிக்கிருச்சு. சாமி படத்துல நான் கை வைக்க மாட்டேன், நீங்களே அவுத்துருங்க.”

அவிழ்த்தேன். தூசியை அவர் தட்டி எடுத்தார். புல் முழுக்க வெட்டி முடியும்வரை வண்டி சூடேறவில்லை.

அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை. அதில் கையும் களவுமாகப் பிடிபட்டிருப்பவன் நான்தான்.