பிளாஸ்டர் ஒட்டிய குப்பி

ஒன்பது வருஷமாக ஒரு பிளாஸ்டிக் குப்பியை நான் பத்திரமாக வைத்திருந்தேன். கான்டாக்ட் லென்ஸ் கழுவி ஊறவைக்கிற மருந்துத் தண்ணீர் வருமே, அந்தக் குப்பி. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மட்டம் தெரிகிற வெள்ளை நிறம், உள்ளங்கை நீளம். முதுகுப் பக்கத்தில் அடியிலிருந்து கழுத்து வரைக்கும் நீளமாக ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் நான் போட்ட நான்கைந்து கோடுகள், பக்கத்தில் கிழமைகள். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. போர்ட் பிளேயர் ஹேடோ குவார்ட்டர்ஸில் இரண்டு தடவை வீடு மாறியபோதும் இதைத் துணியில் சுற்றி என் கையோடுதான் எடுத்துப்போனேன். யாராவது என்றைக்காவது கேட்டால் சாட்சியாக எடுத்துக் காட்ட வேண்டுமே! யாரும் கேட்கவில்லை.

கார் நிக்கோபார் தீவில் எனக்கு முதல் வேலை. அரசு அலுவலகத்தில் கிளார்க். தங்குவதற்கு எனக்கும் அங்கே ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் சேர்த்து ஒரே குவார்ட்டர்ஸ். அக்காவுக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். கணவரும் பத்தாவது படிக்கிற மகளும் போர்ட் பிளேயரில், கராச்சர்மா வீட்டில் இருந்தார்கள். அக்கா எதையும் எண்ணித்தான் எடுப்பார், எடுத்ததை மூடித்தான் வைப்பார். ஜஹாஸில், அதாவது கப்பலில், வருகிற சாமான் எதுவானாலும் அடுத்த கப்பல் வரும்வரை இழுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஷாம்பு பாதியானால் தண்ணீர் சேர்ப்பார். பாத்திரம் தேய்க்கிற திரவத்திலும் பினாயிலிலும் அதே கதைதான். ஆனால் ஒரு ஒழுங்கு உண்டு. தண்ணீர் சேர்ப்பதற்கு முன்னால், சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே, ஸ்டோரில் கண்ணாடி ஜாடிகளில் எழுதுகிற சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே சரக்கு, மேலே தண்ணீர். எங்கள் வீட்டில் சிவப்புக் கோடு இல்லாத குப்பியே கிடையாது. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. "ஜஹாஸ் வர்ற வரைக்கும் ஓட்டணும்ல. எவ்வளவு சேர்த்தோம்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்ல" என்று ஒரே ஒரு தடவை விளக்கினார். அதற்கப்புறம் எந்தக் குப்பிக்கும் அவர் தனியாக விளக்கம் சொன்னதில்லை.

எனக்கு மைனஸ் ஆறரை பவர். பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை கிடைத்ததும் நான் முதலில் செய்த காரியம் அந்தக் கண்ணாடியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு லென்ஸுக்கு மாறியதுதான். அக்காவுக்கு அது ஒரே ஆச்சரியம். காலையில் நான் போட்டுக்கொள்ளும்போது வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பார். கண்ணுக்குள்ளேயே கண்ணாடியா என்று கேட்டு, தன் கண்ணைத் தேய்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் போர்ட் பிளேயரில் ஒரே ஒரு இடம் காலியானது. மாற்றலுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பெயர்கள் போயின, அக்காவுடையதும் என்னுடையதும். பத்தாவது முடிவதற்குள் மகளிடம் போய்விட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. போனில் அவள் அழுத நாட்களில் அக்கா சாப்பிடமாட்டார். எனக்கு அப்படிப்பட்ட காரணம் ஒன்றுமில்லை. ஊருக்குள் இருக்க வேண்டும், கடைத்தெரு வேண்டும், நாலு பேரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்றோம். ஆனால் அலுவலகத்தில் போன் அடித்தால் இரண்டு பேருமே தலையைத் தூக்குவோம்.

கடல் கொந்தளிப்பு என்று அப்போது பார்த்துக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் என்றார்கள், பிறகு இன்னும் சில நாட்கள் என்றார்கள். என் மருந்துத் தண்ணீர் குப்பியின் அடிக்கு வந்துவிட்டது. தீவு முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது. பழைய கண்ணாடியைத் தேடி எடுத்தால் அதன் காது உடைந்து கிடந்தது. குப்பி தீர்ந்தால் நான் குருடிதான் என்று அடுக்களையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் குப்பி தீரவே இல்லை. சிக்கனமாகத்தான் ஊற்றுகிறோம் போலிருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்கைந்து நாளில் கண் உறுத்தத் தொடங்கியது. மணல் விழுந்த மாதிரி இருக்கும், கழுவினால் தணியும், மறுபடி உறுத்தும். பிறகு சிவந்தது. அலுவலகத்தில் மெட்ராஸ் ஐ என்று முடிவு கட்டி என் நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளினார்கள். ஜஹாஸே வரவில்லை, மெட்ராஸ் ஐ மட்டும் நீந்தியா வந்தது என்று பெங்காலி பியூன் இந்தியில் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியிலிருந்து யாரும் வராத தீவில், வேறு யாருக்கும் இல்லாத வியாதி எனக்கு மட்டும் எப்படி? அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கலங்கிய கண்ணுக்கும் தெரிந்தது, அடியில் கிடந்த தண்ணீர் பாதிக் குப்பிக்கு ஏறியிருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். காலி இடம் ஒன்றே ஒன்று. கண் போனவளை யார் போர்ட் பிளேயருக்கு எடுப்பார்கள்? ஒரு தடவை அப்படி நினைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. காலையில் வந்து நின்று பார்ப்பது எதற்கு? நான் அழுதபோது ஆறுதலாக ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? கண் எப்படி இருக்கு என்று நாளுக்கு நாலு தடவை ஏன் விசாரிக்க வேண்டும்? ஆதாரம் வேண்டும் என்று முடிவு செய்தேன். லென்ஸைக் கழற்றிவிட்டு, வழிகிற கண்ணோடு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குப்பியின் முதுகில் பிளாஸ்டரை ஒட்டினேன். லென்ஸ் இல்லாவிட்டால் நீட்டிய கையின் விரல்களே எனக்குத் தெளிவாகத் தெரியாது. தடவித் தடவித்தான் ஒட்டினேன். தண்ணீர் மட்டத்தை மூக்கருகே பிடித்துப் பார்த்துக் கோடு போட்டேன், கிழமை எழுதினேன். தினமும் அப்படியே செய்தேன். இதையெல்லாம் செய்துகொண்டே அதே தண்ணீரில்தான் லென்ஸை ஊறப்போட்டேன் என்றால் என் புத்தியை என்ன சொல்ல? லென்ஸ் இல்லாமல் அலுவலகம் போக முடியாது. போகாவிட்டால் இடம் அக்காவுக்குப் போய்விடும். அந்தப் பயம் கண்ணைவிடப் பெரிதாக இருந்தது.

ஐந்தாம் நாள் வலி தாங்காமல் பாதி வேலையில் திரும்பி வந்தேன். அக்கா ஜன்னலருகே நின்றிருந்தார், கையில் என் குப்பி. அதன் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிளாஸ்டரின் கீழ்மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறவில்லை. "இதுல பிளாஸ்டர் யாரும்மா ஒட்டினது?" என்றார். என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவரோடு அதற்கப்புறம் நான் பேசவில்லை.

மறுநாள் இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஒரு நோயாளியை ஏற்ற வந்த ஹெலிகாப்டரில் என்னையும் சேர்த்து போர்ட் பிளேயருக்கு அனுப்பினார்கள். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் புண், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார். பிறகு வரிசையாகக் கேட்டார். லென்ஸோடு தூங்குவதுண்டா? லென்ஸ் ஊறவைக்கிற டப்பியைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதுண்டா? மருந்தில் சாதாரணத் தண்ணீர் கலந்ததா? கொதிக்கவைத்த தண்ணீரானாலும் லென்ஸுக்கு ஆகாது என்றார். மத்தியானத் தூக்கம் லென்ஸோடுதான். டப்பியைத் தினமும் தொட்டித் தண்ணீரில் அலசுகிறவளும் நான்தான், வேலையில் சேர்ந்த மாதத்திலிருந்தே. அந்த இரண்டுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். மூன்றாவதற்கு மட்டும் ஆமாம் என்றேன். கலந்தது நானில்லை என்றும் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே புகார் எழுதினேன். உடன் தங்கியிருப்பவர் என் கண் மருந்தில் எனக்குத் தெரியாமல் ஏதோ கலந்தார் என்று. பொறுப்பிலிருந்த அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். தண்ணீர் சேர்த்தது நான்தான், கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிச் சேர்த்தேன் என்று அக்கா உடனே ஒப்புக்கொண்டாராம். எனக்கு விஷயத்தைப் போனில் சொன்ன அதிகாரி, "குப்பில கோடு போட்டிருக்கேன், பார்க்கச் சொல்லுங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. அப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். கட்டு பிரித்திருந்த நேரம் அது. கையோடு கொண்டுவந்திருந்த குப்பியை எடுத்து நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தேன். சிவப்பாக ஒன்றுமில்லை. "இல்லை சார், என் கோடுகள்தான் இருக்கு" என்றேன். அதையே எழுதியும் கொடுத்தேன். ஷாம்புக் குப்பிக்கு இருந்த நேர்மை என் குப்பிக்கு இல்லையே, அப்படியானால் இது ஒளித்துச் செய்த வேலைதானே என்று எனக்குள் உறுதிப்பட்டது. விசாரணை முடியும்வரை அக்காவின் பெயரை நிறுத்திவைத்தார்கள். மிச்சமிருந்தது என் பெயர். கண் தேறியதும் போர்ட் பிளேயரிலேயே சேர்ந்துகொண்டேன், திரும்பவும் கண்ணாடிக்காரியாக.

அக்காவுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் மாற்றல் வந்தது. இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று கராச்சர்மாவில் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது எதிர்ப்படுவார். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்: "கண் எப்படிம்மா இருக்கு?" குத்திக்காட்டுகிறார் என்றே நினைத்தேன். பரவாயில்லை என்று முணுமுணுத்துவிட்டு, எனக்குச் சம்பந்தமில்லாத பஸ்ஸில்கூட ஏறிப் போயிருக்கிறேன்.

போன மாதம் அலமாரியைத் துடைக்கக் குப்பியை எடுத்தேன். ஒன்பது வருஷப் புழுக்கத்தில் பசை காய்ந்து, பிளாஸ்டர் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா நகத்தால் சுரண்டினாரே, அந்தக் கீழ்மூலையிலிருந்துதான் பிரிந்திருந்தது. மிச்சத்தை இழுத்தேன். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், சின்னதாக, நேராக, ஒரு சிவப்புக் கோடு. மங்கக்கூட இல்லை. என் பிளாஸ்டரே அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. அன்றைக்கு ஜன்னலருகே நின்று அக்கா தேடியது இதைத்தான். பிளாஸ்டரைப் பிரித்துப் பார்க்க அப்போது ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லையா, தோன்றியும் தள்ளிவிட்டேனா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு இப்போது தன்மேலேயே சந்தேகம். வெட்கமாக இருக்கிறது, வேறு சொல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கராச்சர்மா பஸ் ஏறினேன். அக்கா கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். இடது கண்ணில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது, வெயிலில் கூசும், மற்றபடி பார்வை இருக்கிறது என்று. டப்பியைத் தொட்டித் தண்ணீரில் கழுவியது நான்தான் என்றும், டாக்டரிடம் அதை மறைத்தேன் என்றும் சொன்னேன். பிறகு குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பழைய பழக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கட்டைவிரல் கோட்டின்மேல் வந்து நின்றது.

"நான் சேர்த்ததும் தப்புதான்மா. அது கண்ணுக்குள்ள போற சாமான். எனக்கு அப்பத் தெரியல" என்றார்.

மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். சுவரில் மகளின் போட்டோ இருந்தது, சென்னையில் வேலை பார்க்கிறாளாம். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் இங்க வந்து சேர்ந்த மாசந்தான் அவ மெயின்லேண்டுக்குப் படிக்கக் கிளம்பினா. பத்து நாள்தான் கூட இருந்தேன்."

குப்பியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு டீ போட எழுந்து போனார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அது என் மடியில் இருந்தது. இப்போது அலமாரியில் அதே இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கோடு சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன்.