அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

பேயைக் காதலிக்கிற கதை எழுதுகிறவளிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோணுது?" கேட்பவர்கள் பெரும்பாலும் ப்ளஸ் டூ, காலேஜ் படிக்கிற பிள்ளைகள். என் நாவலைச் செல்போனில் விடிய விடியப் படித்துவிட்டு, நாளைக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை என்பதையும் கீழே சேர்த்து எழுதுவார்கள். "போய்ப் படிடி மொதல்ல" என்று பதில் போடுவேன். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் வேறு, வாய் சும்மா இருக்காது.

அந்தக் கேள்விக்கு மட்டும் மழை, கடல், நிலா என்று எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். நிலாவாவது கிலாவாவது! என் கதைகள் மொத்தமும் வந்தது சுரக்குடியில் எங்கள் வீட்டு சாமி அறையில் இருக்கிற ஓர் ஓலைப்பெட்டியிலிருந்து.

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தாள். பதினேழு வயதில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை எங்கள் குடும்பத்தில் கன்னிசாமியாக வைத்துக் கும்பிடுவோம். பெட்டி அவளுடையது. அதில் பாவாடை, தாவணி, ரவிக்கை, கண்ணாடி வளையல், சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் இருக்கும். வருஷா வருஷம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தலைவாழை இலை போட்டுப் படைத்து, பெட்டியில் புதுத்துணி வைப்போம். போன வருஷம் வைத்த துணியை எடுத்து வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை என்றால் நான் ஒருத்திதான்.

ஆக, நான் கட்டிய தாவணியெல்லாம் அத்தையுடையது. வகுப்பில் மற்ற பெண்கள் அக்காக்காரியின் பழசைப் போட்டுக்கொண்டு மூக்கைச் சிந்துவார்கள். நான் செத்துப்போன அத்தையின் பழசைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று டியூஷனுக்குப் போனேன். பயமா? சத்தியமாகக் கிடையாது. துணியை உதறினால் கற்பூரமும் பவுடரும் கலந்து ஒரு வாசனை வரும். அதுதான் எனக்கு அத்தை வாசனை. மற்றவர்களின் அத்தைகள் திருவிழாவில் வளையல் வாங்கிக் கொடுத்தார்கள், அம்மா அடிக்க வந்தால் குறுக்கே நின்றார்கள். என் அத்தையால் முடிந்தது துணி, அதை ஒரு வருஷம்கூடத் தவறாமல் கொடுத்தாள். அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

அம்மாவுக்கு மட்டும் இதில் எப்போதும் ஒரு கேலி உண்டு. "ஒங்க அத்தை இருந்திருந்தா அவ மவனுக்குத்தான் ஒன்னைக் கட்டி வச்சிருப்பாங்க. தப்பிச்சடி!"

அப்பா இந்தப் பேச்சில் சேர மாட்டார். அக்காவைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். பதினைந்து வயதில் அவளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனது அவர்தான், திரும்பும்போது தனியாக வந்தார் என்பதைக்கூட அம்மா சொல்லித்தான் தெரியும். ஆனால் படையலன்றைக்குப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டால் மனுஷர் வேறு ஆள். "அக்கா, கொல்லையில புது பைப்பு எறக்கியிருக்கேன். அக்கா, இந்த வருசம் சம்பா பரவாயில்ல." மீசை வைத்த ஒருத்தர் ஒரு சின்னப் பாவாடையைப் பார்த்து அக்கா அக்கா என்று உருகுவார். சின்ன வயதில் எனக்குச் சிரிப்பு வரும். பிற்பாடு அவர் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.

பெரிய முடிவு எதையும் அவர் தானாக எடுத்ததில்லை. நிலம் விற்பதா, வீட்டை இடித்துக் கட்டுவதா, நான் வேலைக்குப் போவதா, எல்லாவற்றுக்கும் "அக்காவைக் கேக்கணும்" என்பார். படையல் முடிந்து கற்பூரம் காட்டிவிட்டு வாய்விட்டுக் கேட்பார். சுவரில் பல்லி சொன்னால் அக்கா சரி என்றுவிட்டாள் என்று அர்த்தம். அதுவரை யாரும் இலைப் பக்கம் போகக் கூடாது. சோறு ஆறி அவலாய்ப் போனாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எனக்குப் பதினேழு வயது ஆன தை மாதம் ஒரு விஷயம் உறைத்தது. அத்தைக்கும் எனக்கும் இப்போது ஒரே வயது. அடுத்த தையில் நான் அவளைவிடப் பெரியவள். அதற்கடுத்த வருஷம் இன்னும் பெரியவள். நான் காலேஜுக்குப் போவேன், எவனையாவது பார்த்து வெட்கப்படுவேன், சண்டை போடுவேன். அவள் அதே தாவணியில் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அடிப்பாவி, ஒரு பையன்கூட உன்னைத் திரும்பிப் பார்க்காமலா போய்ச் சேர்ந்தாய்?

அன்றைக்குத்தான் முதல் கதை எழுதினேன். அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல உயரமாக, மாநிறமாக ஒரு பையன் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்கிறான். தாவணி கட்டிய ஒருத்தி வந்து மணி கேட்கிறாள். அவளுக்கு நிழல் விழவில்லை என்பதை அவன் மூன்றாம் நாள்தான் கவனிக்கிறான், அதற்குள் ஆள் காலி. எழுதி முடித்தபோது ஒரு கல்யாணத்தை முடித்து வைத்த நிம்மதி இருந்தது. அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லை. இதுவரை எழுதிய ஒவ்வொரு நாவலும் அத்தைக்கு ஒரு வரன்தான். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றால் அடுத்த நாவலில் வேறு ஆளைப் பார்ப்பேன். இப்படி வருஷக் கணக்காகத் தரகு பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, எனக்கே ஒரு ஆள் வருவான் என்று தோன்றவேயில்லை.

வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். மண்டபத்தூரில் வீடு, அப்பா கடலுக்குப் போகிறவர், குடும்பத்தில் இவர்தான் முதல் பட்டதாரி. என் நாவல் ஒன்றை யாரோ மாணவியிடமிருந்து தெரிந்துகொண்டு படித்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கேட்டார். "டீச்சர், ஒரு சந்தேகங்க. சுவத்துக்குள்ள பூந்து வர்ற பேய், தரைக்குள்ள மட்டும் எப்படிங்க விழாம நிக்குது?"

எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸ் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன். பேசுவதையே விட்டுவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போய் அந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாவலில் என் பேய் தரையில் நிற்பதற்கு ஒரு காரணம் எழுதினேன்: காதலன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அவளுக்குக் கனம் வந்துவிடும். வாத்தியார் அதைப் படித்துவிட்டு, "இப்ப சரியா வருதுங்க" என்றார். அந்த "சரியா வருதுங்க"வில் நான் விழுந்தேன். வேறென்ன சொல்ல.

நாங்கள் வயல், அவர்கள் கடல். நடுவில் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் பெண் கொடுத்து எடுத்த வழக்கம் இரண்டு பக்கமும் கிடையாது. அப்பாவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு வழியாக முடிந்திருக்கும். சாமி அறைப் பக்கம் பார்த்துவிட்டு, "அக்காவைக் கேக்கணும் பாப்பா" என்றார்.

"அத்தை வேணாம்னுட்டா?"

"வேணாம்தான்."

அவரை மீறிக் கட்டிக்கொள்ள எனக்கு மனசில்லை, வேறு ஒருத்தனைக் கட்டிக்கொள்ளவும் மாட்டேன். இரண்டையும் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்ப என் வாழ்க்கை ஒரு பல்லி வாயிலயா இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன்.

தை வந்தது. அம்மா துணி எடுக்கக் காரைக்கால் போனாள். இப்போதெல்லாம் சாதாரணப் பாவாடை தாவணி எந்தக் கடையில் இருக்கிறது? ஹாஃப் சாரி என்று கல்லும் ஜரிகையும் வைத்து, தூக்கினால் கை வலிக்கிற மாதிரி ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள். அம்மா கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் கிளிப்பச்சையில் ஒரு நூல் சேலை வாங்கி வந்தாள். இலைக்குப் பக்கத்தில் அதை வைத்ததும் அப்பாவின் முகம் சுருங்கிப் போனது.

"என்னா இது, சேலை?"

"இருக்கட்டுங்க. இன்னைக்கு இருந்தா அவங்களுக்கு அறுபதுக்கு மேல. கெழவி தாவணியா கட்டிக்குவா?"

"அக்காவுக்குச் சேலை கட்டத் தெரியாது" என்றார் அப்பா. அம்மா சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வேறு துணி வாங்க நேரமில்லை. இலையில் சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். கற்பூரம் காட்டினார். பல்லிச் சத்தம் காதில் விழ வேண்டுமென்று ஃபேனை நிறுத்தச் சொன்னார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அக்கா, பாப்பா ஒரு பையனைச் சொல்லுது. மண்டபத்தூர். நல்ல புள்ளைங்கிறாங்க. நீ என்னா சொல்ற?"

சத்தமே இல்லை. மற்ற நாளெல்லாம் ஓயாமல் கத்துகிற பல்லி, டியூப் லைட் பட்டைக்குப் பின்னால் வாலை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. வியர்த்துக் கொட்டியது. என் போனில் வாத்தியாரின் "என்னாச்சு?" வந்து வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்படிப் பக்கமிருந்து "ட்ச்... ட்ச்... ட்ச்" என்று கேட்டது.

அப்பா திரும்பாமலே, "அது நீ" என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். அப்பா மெதுவாகச் சொன்னார். "சொல்லல பாப்பா. சேலையில கோவம் போல. இல்லன்னா வேணாங்குது."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. "நல்லாயிருக்கு நியாயம்!" என்று கத்திவிட்டேன். "அவங்களுக்கு நான் எத்தனை மாப்பிள்ளை பாத்தேன்! எனக்கு ஒரே ஒரு மாப்பிள்ளைக்கு வாயைத் தொறக்க மாட்டாங்களாமா?"

அப்பா திரும்பினார். "மாப்பிள்ளையா? யாருக்கு?"

அவருக்குத் தெரியாது. மகள் ஏதோ கதை எழுதுகிறாள் என்ற அளவில்தான் தெரியும், ஒன்றுகூடப் படித்ததில்லை. அழுதுகொண்டே சொன்னேன். "நான் எழுதுறதெல்லாம் அத்தைதாம்ப்பா. பாவம், ஒண்ணையும் பாக்காம போயிட்டாங்களேன்னு ஒவ்வொரு கதையிலயும் ஒரு பையனைக் கட்டி வக்கிறேன்."

"அக்காவுக்கா?"

"ஆமா."

"நல்ல பசங்களா?"

"நல்ல பசங்கதாம்ப்பா. ஒருத்தன் டாக்டர். ஒருத்தன் புல்லாங்குழல் வாசிப்பான்."

அப்பா சேலையைப் பார்த்தபடி கேட்டார். "அதுல அக்கா என்னா பண்ணுவா?"

"சிரிப்பாங்க. வாய் ஓயாம பேசுவாங்க. அவன்கூட சண்டை போட்டுட்டு, அவனையே கூட்டிக்கிட்டு கடல் பாக்கப் போவாங்க."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா. நல்லா இருக்காங்க."

"என்னா வயசுன்னு போடுவ?"

"பதினேழு. அதுக்கு மேல எனக்கு எழுத வரல."

பதினேழு என்று அவர் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்த ஓலைப்பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சின்னப் புள்ளைகிட்டயா நான் இத்தனை வருசம் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். "நெலத்தை விக்கவா, வீட்டை இடிக்கவான்னு. கேரியர்ல உக்காந்து, வலிக்குதுடான்னு என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு வந்த புள்ளை. அதுக்கு என்னா தெரியும்?"

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா பெட்டியின் மூடியைத் தடவிக்கொடுத்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் பாப்பா. நீ சாப்புடு. அவ கல்யாணத்தை நான் பாத்துக்கறேன்."

பெட்டியிடம் அக்கா என்று சொல்லவில்லை. பாப்பா என்றார். என்னைத் தவிர வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், என்னிடம் திரும்பி, "அந்தப் பையனை அவங்க அப்பா அம்மாவோட வரச் சொல்லு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஃபேனைப் போடு. புள்ளைக்கு வேர்க்குது."

எந்தப் பிள்ளைக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.